செய்தியை அறிவித்தவர் யார்?

வாசலில் தந்திக்காரர் வந்து நின்றாலே வீட்டிலுள்ளோர் நெஞ்சம் பதறிய காலம் ஒன்று இருந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்னரே அழத் தொடங்கிய தாய்மார்களை நம் மூத்தோர் பலர் கண்டிருப்பர். ஆயினும் அந்தச் சிறு தாளில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த ஊர் அலுவலகத்திலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு அது புறப்பட்டது என்னும் குறிப்பு அதில் இருக்கும். அனுப்பியவர் பெயர் இறுதியில் இருக்கும். சொல்லுக்குச் சொல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால் வீண் சொல் அதில் இடம்பெறாது.

2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தந்தி அலுவலகமே இருக்கிறது. செய்தி நொடிப்பொழுதில் வருகிறது. நொடிப்பொழுதில் நூறு பேருக்குச் செல்கிறது. ஆனால் அது புறப்பட்ட ஊர் எது, நாள் எது, முதன்முதலில் எழுதியவர் யார் என்னும் குறிப்புகள் மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. சொல்லுக்குக் கட்டணம் இல்லை. எனவே சொல்லுக்கு மதிப்பும் இல்லாமற்போயிற்று.

இணையம் மனித குலத்துக்கு வாய்த்த அருட்கொடையா, அன்றி வந்து சேர்ந்த சோதனையா? இந்த வினாவுக்கு வெறும் தத்துவம் பேசி விடை காண இயலாது. நம் மாநிலத்தில், நம் கண்ணெதிரே நடந்த நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு ஆராய்வதே முறை. அதற்கு ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் இணையத்தை நம் கைக்குக் கொண்டு வரும் கருவியே அங்குதான் உருவாகிறது.

நன்மைகளை மறைக்கலாகாது

முதலில் நன்மையைச் சொல்வதே நீதி. 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வழியாக இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அன்று நகரத்துச் செல்வர் சிலருக்கே எட்டிய அந்தச் சாதனம், இன்று கூலித் தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்கிறது.

எண்பதுகளில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் சகோதரர்கள், தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்குத் திரும்புவோரிடம் கொடுத்தனுப்புவார்கள். அந்த நாடாவைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து கேட்கும். பிறந்த குழந்தையின் முகத்தைத் தந்தை காண்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆனதும் உண்டு. இன்று குழந்தை பிறந்த நாழிகையிலேயே துபாயிலிருக்கும் தந்தை திரையில் அதன் முகம் பார்த்துப் பூரிக்கிறார். ஹஜ் பயணத்துக்கான விண்ணப்பத்தை இருந்த இடத்திலிருந்தே நிரப்புகிறோம். 2016ஆம் ஆண்டு அறிமுகமான யுபிஐ முறையினால், சம்பள நாளன்று மாலையே மகள் அனுப்பும் பணம் கிராமத்துத் தாயின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பள்ளிகள் பூட்டப்பட்டபோது, கைப்பேசி கிடைத்த பிள்ளைகளுக்குப் பாடம் தொடர்ந்தது. கிடைக்காத பிள்ளைகளுக்குப் பாடம் நின்றது. இச்சாதனத்தின் அருமையை உணர்த்த அதுவொன்றே போதும்.

ஆகவே இணையத்தைத் தீண்டத்தகாத பொருளென்று ஒதுக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் நன்மையும் தீமையும் ஒரே வாசல் வழியாகவே நம் இல்லத்தினுள் நுழைகின்றன. அவ்வாசலில் காவல் நிற்க வேண்டியவர் யார் என்பதே நம் கேள்வி.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது என்ன?

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்றும், தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம் என்றும் தொழிற்பேட்டைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வைணவப் பெரியார் இராமானுஜர் பிறந்த ஊர் எனப் பெயர்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், 1998ஆம் ஆண்டு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியபின் தொழில் நகரமாக மாறிற்று. 2006ஆம் ஆண்டு வந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2014ஆம் ஆண்டு மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பின்னர் ஐஃபோன் என்னும் கைப்பேசியை ஒன்றுசேர்க்கும் ஃபாக்ஸ்கான் ஆலை அப்பகுதியில் பெருகி வளர்ந்தது. அங்கே பணியாற்றுவோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். விவசாயம் பொய்த்த கிராமங்களிலிருந்தும் கடன்பட்ட குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். நிறுவனம் ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கி, நிறுவனப் பேருந்தில் ஏறி, முறை வைத்து வேலைக்குச் செல்பவர்கள்.

2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் மத்தியில், பூவிருந்தவல்லியை அடுத்த ஒரு விடுதியில் உணவு உண்ட பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இது நடந்த உண்மை.

நோயுற்ற தோழியர் எங்கே கொண்டு செல்லப்பட்டனர், எந்நிலையில் உள்ளனர் என்பதை மற்றப் பெண்களுக்கு எவரும் தெளிவாகக் கூறவில்லை. கைப்பேசியில் அழைத்தால் சிலரிடமிருந்து மறுமொழி இல்லை. அந்த இடைவெளியில் ஒரு செய்தி புகுந்தது: சிலர் இறந்துவிட்டனர், அதனை மறைக்கிறார்கள்! வாட்ஸ்அப் வழியாக விடுதிக்கு விடுதி அது பரவிற்று. டிசம்பர் 17ஆம் நாள் இரவு பெண்கள் சாலைக்கு வந்தனர். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை மறுநாள் வரையில் முடங்கிற்று. பலர் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பேசி, எவரும் இறக்கவில்லை என்பது தெளிவுபடுத்தப்பட்ட பின்னரே கூட்டம் கலைந்தது. மரணம் ஒன்றேனும் நிகழவில்லை என்பதே முடிவில் தெரியவந்த உண்மை. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவரும் கைதானார்.

பொய் உதவி செய்ததா?

இவ்விடத்தில் சிலர் ஒரு வாதத்தை எழுப்பக்கூடும். "அந்த வதந்தி பரவியிராவிட்டால் பெண்கள் திரண்டிருப்பார்களா? அவர்களுடைய துயரம் உலகத்தின் செவியில் ஏறியிருக்குமா? ஆகவே அப்பொய்யினால் நன்மைதானே விளைந்தது?" என்பார்கள். ஆழ்ந்து நோக்க வேண்டிய வாதம் இது. ஏனெனில் விளைவுகள் உண்மையிலேயே பெரியவை. ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12ஆம் நாளன்றுதான் படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. விடுதிகளையும் உணவுக்கூடங்களையும் ஆராய்ந்த ஆப்பிள் நிறுவனம், அவற்றுள் சில தான் விதித்த தரத்துக்கு ஏற்ப இல்லையென ஒப்புக்கொண்டு, அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பைச் சிப்காட் நிறுவனம் கட்டிமுடிக்க, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.

இவை யாவும் பொய்யின் கொடை என்று கூறுவது தவறு. சற்றுச் சிந்தியுங்கள். 159 பெண்கள் ஒருசேர மருத்துவமனையில் கிடந்தது உண்மையல்லவா? ஓர் அறையில் பலரை நெருக்கித் தங்கவைத்தது உண்மையல்லவா? நீதி கேட்க அந்த உண்மைகளே போதுமானவை. அவற்றை உலகறியச் செய்ததும் இதே இணையந்தான். செய்தியாளர்கள் விடுதி விடுதியாகச் சென்று, பெண்களிடம் கேட்டு எழுதிய செய்திகள் சில நாட்களில் கடல் கடந்தன. அது இணையத்தின் நன்மை.

பொய் செய்ததென்ன? இறந்துவிட்டாள் என்று பேசப்பட்ட பெண்ணின் பெற்றோர் தொலைவிலுள்ள கிராமத்தில் எத்தகைய இரவைக் கழித்திருப்பார்கள்! மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே தன் மரணச் செய்தியைக் கேட்க நேரும் பெண்ணின் நிலை என்ன! இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உணவைக் கெடுத்தவர் யார் என்று கேட்கவேண்டிய நாட்டில், வதந்தியைக் கிளப்பியவர் யார் என்னும் கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. உண்மையோடு பொய்யைக் கலப்பவன், உண்மையின் கையிலிருந்த வாளைப் பிடுங்கி எதிரியிடம் கொடுக்கிறான். உண்மையைப் பொய்யோடு கலவாதீர், அறிந்துகொண்டே உண்மையை மறைக்கவும் செய்யாதீர் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 42ஆம் வசனம் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் தடுப்பது எத்துணைப் பொருத்தம்!

மறைத்தவரும் பொறுப்பாளியே

அவ்வசனத்தின் பின்பகுதியை நாம் மறந்துவிடலாகாது. கலப்பவர் ஒருபுறம், மறைப்பவர் மறுபுறம். ஸ்ரீபெரும்புதூரில் வதந்தியைப் பரப்பியவர்களைப் பற்றிப் பேசுவோர், அவ்வதந்தி முளைக்க நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்த மௌனத்தைப் பற்றியும் பேசவேண்டும். நோயுற்றோர் இன்ன மருத்துவமனையில் உள்ளனர், இன்ன நிலையில் உள்ளனர் என்று முதல் நாளே விடுதியின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்குமானால், இறந்தார்கள் என்னும் செய்தியை நம்புவதற்கு ஆளிருந்திருக்குமா? இருட்டில் கயிறும் பாம்பாகத் தோன்றும். விளக்கை ஏற்றவேண்டியவர்கள் ஏற்றாமலிருந்துவிட்டு, அஞ்சி அலறியவர்களை மட்டும் குறைகூறுவது நடுநிலையாகாது.

தமக்குக் கீழே உழைப்பவர்களைச் சகோதரர்களாகக் கருதி, தாம் உண்ணும் உணவிலிருந்தே அவர்களையும் உண்ணச் செய்யவேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். தாம் உண்ணத் துணியாத உணவைப் பிறர் பெற்ற பெண்ணுக்கு ஊட்டாதிருந்தால் நோய் ஏது? நோய் இல்லையேல் வதந்தி ஏது? சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று இறைவன் எச்சரிப்பதை ஆலை அதிபர்களும் அதிகாரிகளும் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் தலைவரும் தம் மனத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும்.

திருமறை காட்டும் நெறி

செய்தியைக் கையாளும் முறை குறித்துத் திருக்குர்ஆன் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே தெளிவான நெறியை வகுத்துள்ளது. நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரியுங்கள். இன்றேல் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பது 'அல் ஹுஜுராத்' அத்தியாயம் 6ஆம் வசனத்தின் கருத்து. இவ்வசனம் இறங்கிய சூழலாக விரிவுரையாளர் பலர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். ஜகாத் பொருளைப் பெற்றுவர ஒருவர் பனூ முஸ்தலிக் என்னும் கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார். அவரை வரவேற்கவே அம்மக்கள் திரண்டு வந்தனர். பழைய பகையை எண்ணிய அவர், தம்மைக் கொல்ல வருகின்றனர் என்று அஞ்சி, பாதி வழியிலேயே திரும்பி, அவர்கள் ஜகாத் தர மறுத்துவிட்டனர் என்று அறிவித்தார். அச்செய்தியை அவ்வண்ணமே நம்பியிருந்தால் குற்றமற்ற ஒரு சமூகத்தின்மீது படை சென்றிருக்கும். விசாரித்ததனால் உயிர்கள் பிழைத்தன.

அச்சந்தரும் செய்தியோ ஆறுதல் தரும் செய்தியோ வந்தவுடன் பரப்பிவிடுவோரை 'அன்னிஸா' அத்தியாயத்தின் 83ஆம் வசனம் கண்டித்து, அதனைப் பொறுப்புடையோரிடம் கொண்டுசென்றிருந்தால் அதன் உண்மையை ஆராயத் தெரிந்தவர்கள் அறிந்திருப்பர் என்று வழிகாட்டுகிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்னும் கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்களின் பொன்மொழியொன்று முஸ்லிம் நூலின் முன்னுரையில் இடம்பெற்றுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட அவதூறு ஏறத்தாழ ஒரு திங்கள் காலம் மதீனாவில் நாவுக்கு நாவு தாவி அலைந்தபோது அவ்வில்லம் பட்ட துயரத்தை நாம் அறிவோம். அதனைப் பரப்பியோருள் எல்லாரும் தீயோர் அல்லர். கேட்டதைத் திருப்பிச் சொன்னவர்களும் இருந்தனர். இன்று நம் விரல்கள் செய்யும் வேலையை அன்று நாவுகள் செய்தன.

உயிரைப் பறித்த செய்திகள்

விசாரியாமையின் விலை என்ன என்பதைத் தமிழகம் கசப்போடு கற்றிருக்கிறது. குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்னும் குரல்பதிவுகளும் படங்களும் 2018ஆம் ஆண்டு கோடைக் காலத்தில் வட மாவட்டங்களெங்கும் வாட்ஸ்அப்பில் பரவின. மே 9ஆம் நாள் சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் அருகே தம் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்றனர். அவர்களுள் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த அன்பே அவருக்கு எமனாயிற்று. ஊரார் திரண்டு தாக்கியதில் அவர் உயிரிழந்தார்; உடன்வந்தோர் படுகாயமுற்றனர். அச்செய்தியைப் பகிர்ந்த கைகளில் ஒன்றேனும், நான் கொலைக்கு உடந்தையானேன் என்று எண்ணியிருக்குமா? குழந்தைகள்மீது கொண்ட பாசத்தினால் பகிர்ந்தோம் என்றே எண்ணியிருக்கும். நல்ல எண்ணம் ஒன்றே ஒரு செய்திக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழவே, அவ்வாண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பமுடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் வேறொரு பொய் வந்தது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் என்று கூறிக் காணொளிகள் வடமாநிலங்களில் பரவின. எங்கோ, எப்போதோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை. ஹோலிப் பண்டிகைக்காக ஊருக்குச் சென்றவர்களின் கூட்டம்கூட, அஞ்சி ஓடுவோரின் கூட்டமாகச் சித்திரிக்கப்பட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றை இங்கே அனுப்பியது. தமிழகக் காவல்துறைத் தலைவர் அக்காணொளிகள் பொய்யென அறிவித்தார். பொய் பரப்பியோர்மீது வழக்குகள் பதிவாயின. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாடகை அறைகளில் தங்கி, கட்டடம் எழுப்பியும் பொறிகளை இயக்கியும் பிழைக்கும் அந்தப் பிற மாநிலச் சகோதரர்களின் இல்லங்களில் அந்த நாட்களில் அடுப்பெரிந்திருக்குமா? பிள்ளையைத் துபாய்க்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் தாய்மார்களுக்கு அத்தவிப்பை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

நாமும் காயம்பட்டவர்களே

வதந்தியினால் வரும் துன்பம் முஸ்லிம் சமுதாயத்துக்கு ஏட்டறிவன்று, பட்டறிவு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் இரவு இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறப்பட்ட உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் கூச்சல் எழுந்தது. அப்படியொரு மாத்திரையே மருத்துவ உலகில் இல்லை. சிங்களம் சரிவர அறியாத அந்தத் தமிழ் பேசும் கடைக்காரரைச் சூழ்ந்து மிரட்டி, அவர் தடுமாறிக் கூறிய சொற்களைப் படம்பிடித்து, ஒப்புதல் வாக்குமூலமென ஃபேஸ்புக்கில் பரப்பினர். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகன பகுதியில் பெருங்கலவரம் மூண்டது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கிவைத்தது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அவ்வருத்தம் என்ன ஈடு?

அதே 2020ஆம் ஆண்டு, டெல்லித் தப்லீக் மாநாட்டையொட்டி, நோயைப் பரப்புவதே முஸ்லிம்களின் நோக்கமென்று பழைய காணொளிகளைப் புதியவைபோல் காட்டிப் பரப்பினர். தெருவில் காய்கறி விற்ற எளியோர்கூடத் துரத்தப்பட்டனர். அம்மாநாட்டில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் பலிகடாக்களாக ஆக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் குறிப்பிட்டது.

இத்துணையும் பட்ட நாம், பிறரைப் பற்றிய ஆதாரமற்ற செய்தியொன்று வருகையில் அதனை அப்படியே அனுப்பிவைப்பது எந்த வகையில் நியாயம்? நம்மைக் கொட்டிய தேளை வளர்த்து அடுத்த வீட்டில் விடலாமா?

அறிவிப்பாளர் தொடர் எங்கே?

நம் முன்னோர் செய்தியை ஏற்பதில் காட்டிய கவனம் உலகம் வியக்கத்தக்கது. ஒரு நபிமொழி கூறப்பட்டால், "இதை உமக்கு அறிவித்தவர் யார்? அவருக்கு அறிவித்தவர் யார்?" என்று தொடராகக் கேட்டனர். இடையில் ஒருவர் பெயர் விடுபட்டாலும் அச்செய்தி வலுவிழந்தது. அறிவிப்பாளர் வாய்மையுடையவரா, நினைவாற்றல் மிக்கவரா, யாரிடமிருந்து கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை உண்மையில் சந்தித்திருக்க இயலுமா என்றெல்லாம் ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்துத் தம் நூலில் சேர்த்தவை, திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்து, ஏழாயிரத்துச் சொச்சமே. அத்தனையும் ஒட்டகத்தின்மீதும் கால்நடையாகவும் பயணம் செய்து விசாரித்த காலம் அது.

அந்த மரபின் வாரிசுகளாகிய நாம், 'ஃபார்வர்டு' என்னும் பெயரில் அறிவிப்பாளர் ஒருவர்கூட இல்லாத செய்தியை ஏற்று, பல வேளைகளில் அதன்மேல் நபிமொழி என்னும் பெயரையும் ஒட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்! "இச்செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும், அனுப்பாவிட்டால் துன்பம் நேரும்" என்று வருபவற்றை ஏற்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

நம் இல்லங்களுக்குச் சில நெறிகள்

வாசக நேயர்களே! கருவியைத் தூற்றுவதனால் பயனில்லை. இல்லந்தோறும் நாம் கைக்கொள்ளத்தக்க சில எளிய நெறிகளைக் கூறி இதனை நிறைவு செய்வோம்.

செய்தி வந்தவுடன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எங்கே நடந்தது? எப்போது நடந்தது? நேரில் கண்டவர் யார்? மூன்றுக்கும் விடையில்லாத செய்தி உங்களோடு நிற்கட்டும். பலமுறை கைமாறி வந்த செய்திகளின் தலைப்பில் வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடுகிறது. அது செய்தியின் உண்மைக்குச் சான்றன்று; நெடுந்தூரம் அலைந்து வந்தது என்பதற்கே அடையாளம். அதனைக் கண்டால் கவனம் இருமடங்காகட்டும்.

மரணச் செய்தியாயின், உரிய குடும்பத்தாரிடமோ மருத்துவமனையிலோ விசாரித்து அறியாமல் ஒருபோதும் பகிராதீர்கள். நீங்கள் ஐந்து நிமிடம் தாமதிப்பதனால் எவருக்கும் இழப்பில்லை. உயிரோடிருப்பவரை இறந்தாரென அறிவித்தால் அந்த அதிர்ச்சியில் போகும் உயிரை யார் மீட்பது?

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளிடம், அவர்கள் தங்கியுள்ள விடுதியின் முகவரியையும், உடன் தங்கியிருப்போர் இருவரின் எண்களையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஸ்ரீபெரும்புதூர் நிகழ்ச்சி பெற்றோருக்குப் புகட்டும் முதற்பாடம் இதுவே. வதந்தி வரும் வேளையில் ஊகத்தை நாடாமல், நேராக உண்மையைக் கேட்டறிய அந்தத் தாள் உதவும்.

வேலை வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரையும், காவல்துறையினர் போலக் காணொளியில் தோன்றி மிரட்டுவோரையும் நம்பாதீர்கள். இணைய மோசடியில் பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அறிவிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

தவறான செய்தியைப் பகிர்ந்துவிட்டதாக அறிந்தால், அதே குழுவில், அது பொய்யென்று எழுதுங்கள். சத்தமின்றி அழித்துவிடுவது போதாது. பொய் சென்ற தெருவெல்லாம் உண்மையும் சென்றாக வேண்டும்.

உங்கள் குடும்பத்திலோ நிறுவனத்திலோ ஜமாஅத்திலோ ஒரு துன்பம் நேர்ந்து, அதன் விவரம் உங்களிடம் இருக்குமானால், உரியவர்களுக்கு உரிய நேரத்தில் அதனை மறைக்காமல் கூறுங்கள். பரப்பாதே என்று பிறருக்குச் சொல்லும் உரிமை, உண்மையை மறைக்காதவருக்கே உண்டு.

சுங்குவார்சத்திரத்து ஆலையில் ஒரு பெண் தன் விரல்களால் கவனமாகப் பொருத்தி, பலமுறை சோதிக்கப்பட்ட பின்னரே ஒரு கைப்பேசி பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. பழுதுள்ளது ஒன்று ஆலையின் வாயிலைத் தாண்டலாகாது என்று அங்கே விதி இருக்கிறது. அக்கருவியின் வழியாக நாம் அனுப்பும் சொல்லுக்கும் அத்தகைய ஒரு சோதனை வேண்டாமா? நாம் மொழியும் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்ய வானவர் உண்டு என்று நம்புகிறோம். விரலால் அனுப்பும் சொல்லும் அவ்வேட்டில் ஏறும் என்னும் உணர்வோடு இக்கருவியைக் கையாளும் நல்லறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!